தண்ணிதிருப்பியின் முதுகு

“மேற்படி உலோகத் திருமேனியின் பின்புறக் கூறுகளை, சிலையியல் பயின்ற உள்ளூர் வல்லுநர் திருமதி த. வேம்பு அவர்கள் நேரில் ஆய்வு செய்து அளித்த கருத்துரையின் பேரில், ‘பழம்பொருள் அன்று’ என்னும் ஏற்றுமதிச் சான்று வழங்குவது நிறுத்திவைக்கப்படுகிறது.”

1979 தை மாதம் நாகப்பட்டினத்தில் தட்டச்சு செய்யப்பட்ட குறிப்பாணை இது. அதில் ‘அவர்கள்’ போட்டுக் குறிப்பிடப்படும் வல்லுநர் இப்போது துறைமுகச் சாலை வெங்காயக் கிடங்கு வாசலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, அழுகலைத் தனியே பொறுக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். வாயில் வெற்றிலை, தலையில் சாக்கு. சிலையியல் இருக்கட்டும், வேறெந்த இயலும் அவள் பயின்றதில்லை. மழைக்காவது பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருக்கலாம் என்றால், அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கூரை கிடையாது. ‘திருமதி’ என்பது முக்கால்வாசி சரி. புருஷன் தங்கையன் முத்துப்பேட்டைப் பக்கம் அலையாத்திக் காட்டில் நண்டு பிடிக்கப் போனவன், குறுவைக்கு ஒருமுறையும் சம்பாவுக்கு ஒருமுறையும் வந்து தலையைக் காட்டுகிறான்.

வேம்பு ஆட்களை முதுகை வைத்து அடையாளம் காண்பவள். சுங்க இலாகா ஜீப்பிலிருந்து யாராவது இறங்கித் திரும்பி நின்று கதவைச் சாத்தினால் போதும். “இன்னிக்கு வூட்ல சண்ட. தோளப் பாருங்களேன், காக்கா ஒக்காந்த மாரி” என்பாள். தெருவில் போகிற கூட்டத்தில் தாலுகா ஆபீஸ்காரர் யார், வட்டிக்கடைக்காரர் யார், புதிதாகக் கட்சியில் சேர்ந்தவர் யார் என்று பிடரியைப் பார்த்துப் பிரித்துச் சொல்வாள். முன்பக்கமாக வந்து சிரித்துப் பேசினால் மட்டும் திணறுவாள். “நீங்க யாருங்க?” என்பாள், பத்து நாள் பழகியவரைக்கூட.

இந்தப் பழக்கம் வரப்பில் வந்தது. வடகரைப்பூண்டியில் அவள் நடவு நட்ட காலத்தில், கரையில் நிற்கும் பண்ணையின் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் சேரிப் பெண்களுக்கு இல்லை. அவர் திரும்பி நடந்த பிறகுதான் இடுப்பு நிமிரும். எனவே பண்ணை கோபமாக இருக்கிறாரா, கூலி நெல்லில் கை வைப்பாரா, மத்தியானம் தூங்குவாரா என்பதெல்லாம் முதுகிலிருந்தே தெரிந்துகொள்ள வேண்டியவை. முதுகு பொய் சொல்வதில்லை என்று அவள் கருதுகிறாள். “மொகத்துக்குத்தான் பளக்கம் உண்டு. முதுகுக்கு யாரு சொல்லிக் குடுக்குறா?”

வெங்காயத்துக்கு வருமுன் அவள் ஏற்றுமதிக்காரர் இராஜாங்கத்தின் கிடங்கில் இருந்தாள். கும்பகோணத்துக் குத்துவிளக்கு, தாம்பாளம், அண்டா, புதிதாக வார்த்த சாமி சிலைகள் ஆகியவற்றைப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேற்றும் இடம் அது. வேம்புவுக்கு வைக்கோல் வேலை. விதைநெல்லை வைக்கோலில் பொதிந்து கோட்டை கட்டுகிற அதே கையால் நடராஜரைக் கட்டுவாள். புதுவைக்கோலைத் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்தி, புரி திரித்து, உருட்டி உருட்டிச் சுற்றி, முடிவில் எந்தப் பக்கம் தலை என்று தெரியாத ஒரு பெரிய பறவைக் கூடாக ஆக்கிவிடுவாள். அதைக் கிரேனிலிருந்து போட்டாலும் உள்ளே இருப்பவருக்குத் தூக்கம் கலையாது.

எந்தச் சாமியையும் அவள் முதலில் குப்புறத்தான் படுக்கவைப்பாள். வளைவதும் ஒடிவதும் விரலும் பூமொட்டும்தான், அவை மெத்தையில் புதைந்துவிட்டால் பிறகு பயமில்லை என்பது கணக்கு. படுக்கவைத்துவிட்டு முதுகில் இரண்டு தட்டுத் தட்டுவாள். “தூங்கு தாயி. அக்கரையில எளுப்புவாங்க.”

கூட வேலை செய்த நாகூர் ஆமினாவுக்கு இது வேடிக்கை. “ஏ வேம்பு, வெதநெல்லு மாரியே கட்டுறியே, பினாங்குல போயி மொளச்சிரப் போவுது.”

“மொளைக்கட்டும்க்கா. இங்கதான் மொளைக்க வுடல.”

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நூறு வயது நிரம்பிய சிலை பழம்பொருள். அதைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. மத்திய சர்க்கார் மட்டும் அனுப்பலாம். தொண்ணூற்றொன்பது வயதுச் சாமி தாராளமாகக் கப்பலேறலாம். ஆனால் தனக்கு வயதாகவில்லை என்று ஒவ்வொரு சாமியும் காகிதத்தில் நிரூபித்தாக வேண்டும். ஏற்றுமதிக்காரர், ‘இது போன வருடம் வார்த்தது’ என்று எழுதிக் கொடுப்பார். அதிகாரி வந்து பார்த்து, ‘பழம்பொருள் அன்று’ என்று முத்திரை குத்துவார். ஆமினா இதை விளக்கிச் சொன்னபோது வேம்பு புரியைத் திரித்துக்கொண்டே சொன்னாள்: “நூறு வயசானாத்தான் மதிப்பா? எங்க ஊர்ல அம்பது ஆனாலே அரைக்கூலிம்பாங்க.”

முத்திரை குத்த மாதம் இரண்டு முறை வருபவர் பஞ்சநதம். திருவையாற்றுக்காரர். கைசுத்தம், நிறைந்த படிப்பு, மெல்லிய குரல். பூதக்கண்ணாடியைச் சிலையின் முகத்துக்கு நேரே பிடித்து, மூக்கு நுனியிலிருந்து நூற்றாண்டைச் சொல்லிவிடுவார். கண்ணிமை, உதட்டோரம், காதணி என்று மேலிருந்து இறங்கி மார்பு வரை வந்தால் முடிவு தயார். பின்னால் போய்ப் பார்த்ததில்லை. கருவறையில் நிற்கும் சாமியை அவர் பரம்பரையில் யாருமே பின்னால் போய்ப் பார்த்ததில்லை. அதற்கு அவசியமும் நேர்ந்ததில்லை.

அந்தத் தை மாதத்து மத்தியானம், கிடங்கு ஒரு பெரிய மூச்சைப் போல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. வெளியே கடல் வெள்ளித் தகடாகக் கிடந்தது. கூரை ஓட்டையில் இறங்கிய வெயில் கம்பத்தில் வைக்கோல் தூசி மேலும் கீழும் நீந்தியது. எதிர்ச் சுவரில் இரட்டை இலையும் உதயசூரியனும் ஒன்றையொன்று சுண்ணாம்பால் அழித்தும் முழுசாக அழிக்க முடியாமல் கலந்து நின்றன. பலகையில் பதினொரு விளக்கும் ஓர் அம்மனும். அம்மன் ஒன்றே முக்கால் அடி, பளபளவென்று புது மெருகு. பஞ்சநதம் கண்ணாடியைப் பிடித்தார், மூக்கைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார்.

“புது வார்ப்பு. உளி கொஞ்சம் அவசரப்பட்டிருக்கு” என்றார்.

“சின்னப் பட்டறைங்க சார். பயலுவொ இப்பத்தான் பளகுறானுவொ” என்றார் இராஜாங்கம்.

முத்திரைக் கட்டை வெளியே வந்தது. ஆனால் மைப்பட்டை கடற்காற்றில் காய்ந்து அப்பளமாகியிருந்தது. மை வாங்கிவரப் பியூன் சைக்கிளில் சுங்க ஆபீசுக்குப் போனான். பஞ்சநதம் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். மரியாதைக்காக இராஜாங்கமும் மூடினார்.

காத்திருக்கும் நேரத்தில் கட்டத் தொடங்கலாமே என்று வேம்புவும் ஆமினாவும் அம்மனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தூக்கும்போது முகம் வேம்புவின் முகத்துக்கு நேரே இருந்தது. கல்யாண வீட்டில் யாரோ வெளியூர்ப் பெண்ணைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். தெரிந்த முகமில்லை. வழக்கம்போல் வைக்கோலில் குப்புறக் கிடத்தி, தட்டிக்கொடுக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றது.

பிடரிக்குக் கீழே, நடுமுதுகில், புளியங்கொட்டை அளவில் ஓர் உலோக ஒட்டு.

வடகரைப்பூண்டியில் தைப்பூசத்தன்று அம்மன் ஆற்றுக்கு எழுந்தருளும். படித்துறையில் கிழக்குப் பார்த்துப் பலகையில் நிறுத்தி, நகையும் பட்டும் களைந்து, பால், மஞ்சள், சந்தனம் என்று ஊற்றுவார்கள். ஊர் முழுக்க எதிரே படியில் நிற்கும். சேரிக்கு ஒதுக்கிய இடம் பந்தலுக்குப் பின்னால், அபிஷேகத் தண்ணீர் வழிந்தோடும் சரிவு. அங்கிருந்து தெரிவது முதுகு மட்டும். வருடத்துக்கு ஒருநாள், அரைமணி நேரம், வெயிலில் நனைந்த ஒரு முதுகு. வேம்புவுக்கு அது போதுமானதாக இருந்தது. கொண்டையிலிருந்து மஞ்சள் நீர் இறங்கும். பிடரியில் தயங்கும். நேரே நடுமுதுகில் ஓடப்போகிறது என்று தோன்றும்போது அந்தப் புளியங்கொட்டை ஒட்டில் முட்டி, மடை திறந்த வாய்க்கால் போல இடப்பக்கம் வளைந்து, இடுப்பு மடிப்பைச் சுற்றிக்கொண்டு சொட்டும். ‘இந்தத் தடவ நேராத்தான் போவும்’ என்று சேரிப் பிள்ளைகள் பந்தயம் கட்டுவார்கள். ஒருமுறைகூட நேராகப் போனதில்லை. அம்மனுக்குச் சௌந்தரநாயகி என்று பெயர். சேரியில் அவளைத் தண்ணிதிருப்பி என்றுதான் சொல்வார்கள்.

பிறகு கூலிச் சண்டை வந்தது. விளைந்த கதிர் அறுவடைக்கு நின்றபோது பண்ணை வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். தங்கையன் லாரிக்கு முன்னால் படுத்தான். மறுநாள் சேரிக்குப் போகும் ஒரே பாதையில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டார்கள். தர்மகர்த்தாவும் பண்ணையும் ஒருவரே. ஆகவே கோயில் சாவி இருந்த கையிலிருந்துதான் அந்த உத்தரவும் வந்தது. வேம்புவும் தங்கையனும் வாய்க்காலில் இறங்கி, கழுத்தளவுத் தண்ணீரில் ஊரை விட்டார்கள். அப்போது அவர்களுக்கு வேலையும், கிடங்கின் பின்னால் ஒண்டிக்கொள்ள ஒரு சார்ப்பும் கொடுத்த ஒரே ஆள் இராஜாங்கம். அந்தச் சார்ப்பில்தான் இன்னும் இருந்தாள். அப்புறம் குத்தகைதாரர்கள் நிலத்தைப் பிடித்துக்கொள்ள, பண்ணையும் மனம் வெறுத்துச் சென்னைக்குப் போனார். கோயில் பூட்டப்பட்டது. பூட்டு நல்ல கனமான பூட்டு.

“என்னாடி, உறைஞ்சு போயிட்ட?” என்றாள் ஆமினா.

“அக்கா, இது எங்க ஊரு.”

“எது?”

“இவதான். தண்ணிதிருப்பி.”

ஆமினா குனிந்து பார்த்தாள். “எல்லாச் சாமிக்கும் முதுகு இப்புடித்தானே இருக்கும்? ஊருப் பேரா எளுதியிருக்கு?”

“இந்த ஒட்டு எனக்குத் தெரியும்க்கா.”

“மொகத்தப் பாத்தியே, அப்பத் தெரியலயா?”

“மொகத்த யாரு பாத்தா?”

ஆமினா நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குரலைத் தாழ்த்தினாள். “சார் புதுசுன்னுட்டாரு வேம்பு.”

“மூக்கு புதுசுதான். செதுக்கியிருக்கானுவொ. கண்ணும் செதுக்கினதுதான். பின்னால எவன் பாக்கப் போறான்னு வுட்டுட்டானுவொ.”

“சரி, இருக்கட்டும். நீ சும்மா இரு. ஒன்னயக் கிட்ட வுட்டாளா அவ? படியில கால வைக்க வுட்டாவொளா? முள்ள வெட்டிப் போட்டப்ப எங்க இருந்தா? போறா, பினாங்குல சொகமா இருக்கட்டும். நீ வாயத் தொறந்தா மொதலாளி ஒன்னய நிக்க வச்சு வெளிய தள்ளுவாரு. சார்ப்பும் போவும். தங்கையன் வந்தா நண்டு வளையிலயா குடுத்தனம் பண்ணுவ?”

“போவட்டும்க்கா. அவ போறதுக்கு நான் என்ன பண்ண முடியும்?” வேம்பு ஒரு புரியை எடுத்தாள். திரிக்கத் தொடங்கி, நிறுத்தினாள். “போன வருசம் வார்த்ததுன்னு கடுதாசியில எளுதியிருக்குல்ல?”

“ஆமா.”

“அப்ப நான் சின்னப் புள்ளையில பாத்தது என்னவாம்?”

நாகூர்ச் சந்தனக்கூட்டில் ஆயிரம் பேர் நெரிசலில் முன்னால் நின்றவள் யார், பின்னால் நின்றவள் யார் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் இந்தக் கேள்வி ஆமினாவுக்குப் புதிது. “அல்லாவே” என்றாள். பிறகு, “சொன்னா நம்புவாவொளா? நீ வைக்கோல் கட்டுறவ” என்றாள்.

“சொன்னா நம்ப மாட்டாவொ” என்றாள் வேம்பு.

வெளியே சைக்கிள் மணி கேட்டது. மை வந்துவிட்டது. பஞ்சநதம் கண்ணைத் திறந்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். இராஜாங்கம் மைப்பட்டையைத் திறந்து, இரண்டு சொட்டு விட்டு, தானே விரலால் பரப்பினார். வேம்பு ஆமினாவைப் பார்த்தாள். ஆமினா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து அம்மனின் கால்பக்கத்தைப் பிடித்தாள். இரண்டு பேரும் அம்மனை மறுபடி தூக்கிக்கொண்டு போய்ப் பலகையில் நிறுத்தினார்கள். முகம் அதிகாரியைப் பார்த்து, முன்பு இருந்தபடியே. இராஜாங்கத்துக்கு அது ஒழுங்காகத்தான் பட்டது. “கட்டி முடிக்கலயா இன்னும்?” என்று மட்டும் கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவற்றில் பாதி குறிப்பாணையில் இருக்கிறது. பூதக்கண்ணாடி அன்று முதல்முறையாக ஒரு முதுகைப் பார்த்தது. ஒட்டின் விளிம்புக்குள், மெருகுத் தூள் எட்டாத இடத்தில், பச்சைக் களிம்பு இறுகிக் கிடந்தது. முத்திரைக் கட்டை ஈரமாகவே பெட்டிக்குள் திரும்பிப் போனது. மறுவாரம், வேம்பு சொன்னபடி வடகரைப்பூண்டிக்குப் போய்க் கோயிலைத் திறந்தார்கள். பூட்டு அப்படியே இருந்தது, உடைக்கத்தான் வேண்டியிருந்தது. பின்சுவரில் ஓர் ஆள் நுழையும் அளவு ஓட்டை இருந்தது. பீடத்தில் வௌவால் எச்சம் இருந்தது. அம்மன் காணாமல் போய் எத்தனை வருடம் என்று ஊரில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. ஆளுக்கொரு வருடம் சொன்னார்கள்.

இராஜாங்கம் தனக்கு ஒன்றும் தெரியாது, தான் வெறும் கமிஷன் ஏஜெண்டு என்றார். அது உண்மையாகவும் இருக்கலாம். வழக்கு நடக்கிறது. வேம்புவை அவர் திட்டவில்லை. அவள் சாமான்களைச் சார்ப்பிலிருந்து மரியாதையாக வெளியே எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, “நீ இப்ப வல்லுநருடி. சர்க்காரே சொல்லிருச்சு. ஒனக்கு வைக்கோல் கட்டுற வேலையெல்லாம் நான் குடுக்கலாமா?” என்றார். அப்போது அவர் முகம் சிரித்தது. திரும்பி நடந்தபோது வேம்பு பார்த்தாள். “பாவம், பயந்து போயிருக்காரு” என்றாள். ஆமினா தன் வீட்டுக் கொல்லையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக் கொடுத்தாள். தினமும் காலையில் அதைச் சொல்லிக் காட்டவும் தவறுவதில்லை.

அம்மன் இப்போது சர்க்கார் பாதுகாப்பு அறையில் இருக்கிறது. நூறு வயதைக் கடந்து எண்ணூறைத் தொட்டிருக்கும் என்று சென்னையிலிருந்து வந்தவர்கள் சொன்னார்களாம். பஞ்சநதம் ஒருநாள் ஜீப்பை நிறுத்தி வேம்புவிடம் இதைச் சொன்னார்.

“எந்தப் பக்கம் பாத்து நிக்கிதுங்க?” என்று கேட்டாள்.

அவருக்குத் தெரியவில்லை. தெரிந்து சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். போகிறவரின் முதுகைப் பார்த்துவிட்டு, “விசாரிப்பாரு. நல்ல மனுசன்” என்றாள். அழுகின வெங்காயம் ஒன்று கூடைக்குப் போனது.

குறிப்பாணையின் நகல் ஒன்று, பிளாஸ்டிக் உறையில், அவள் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. படிக்கத் தெரிந்தவர் யார் கிடைத்தாலும் படித்துக் காட்டச் சொல்வாள். ‘வல்லுநர்’ வந்ததும், “அது யாருங்க?” என்று கேட்டு, ஆமினா பக்கம் திரும்பிச் சிரிப்பாள். பஞ்சநதத்தையும் குறை சொல்ல முடியாது. சான்றை நிறுத்திவைக்க, ‘வல்லுநர் கருத்துரை’ என்ற இடம் நிரம்பியாக வேண்டும் என்பது விதி. வைக்கோல் கட்டும் பெண் ஒருத்தி என்று தொடங்கி அவர் இரண்டு வரைவு எழுதி, இரண்டையும் கிழித்தார். மூன்றாவதுதான் டைப் ஆனது. கிடங்கில் அன்று வல்லுநரும் இல்லை, கருத்துரையும் இல்லை. முத்திரைக் கட்டை காகிதத்துக்கு ஒரு சாண் மேலே இருந்தபோது, வேம்பு குடிதண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டு வந்தாள். “சார், கொஞ்சம் பின்பக்கமா வந்து நில்லுங்க” என்று அதிகாரியைக் கூப்பிட்டாள். அவர் எழுந்து வந்து, அவள் காட்டிய இடத்தில் நின்றார். அவள் அம்மனின் கொண்டையில் தண்ணீரை ஊற்றினாள்.